வாட்ச்மேன் ஒண்ணும் சொல்லல

ஓடட்டும், எவ்வளவு நேரம் ஓடுதுன்னு நானும் பாக்குறேன், என் கையில இருந்து தப்பிச்சுப் போற பக், ப்ரோகிராம்ல ஒளிஞ்சிருக்கிற தப்பு, இனிமேதான் பொறக்கணும். மேஜை மேல மிஷின் ஓடிட்டு இருக்கு. கீழ பக்கெட்ல சிவப்புச் சாயம் கலந்த உப்புத்தண்ணி, ரத்தத்துக்குப் பதிலா அதுதான், குழாய் வழியா ஏறி, பம்ப் உருளை அமுக்க அமுக்க நகர்ந்து, ஃபில்டருக்குள்ள போய், சுத்திட்டுத் திரும்ப பக்கெட்டுக்கே வருது. காலையில வந்ததுல இருந்து இதையே பாத்துட்டு இருக்கேன், கண்ணை மூடினாலும் சிவப்பாத்தான் ஓடுது. குழந்தைவேல் சாரோட அப்பா காலத்துல இதே ஷெட்ல கிணத்து மோட்டார் செஞ்சாங்களாம், இப்ப மகன் டயாலிசிஸ் மிஷின் செய்யறார், தண்ணி இறைச்சவங்க இப்ப ரத்தம் இறைக்கிறாங்கன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். பம்பும் குழாயும் என் வேலை இல்ல, பம்பை ஓட்டுற கம்ப்யூட்டரோட அடிமட்டம்தான் என் வேலை, கெர்னல், மத்த ப்ரோகிராம் எல்லாத்தையும் தோள்ல தூக்கிட்டு நிக்கிற ப்ரோகிராம். அது நின்னா எல்லாம் நின்னுடும். போன வாரம் ஒரு தடவை நின்னுச்சு. ஒரே ஒரு தடவை, அதுக்கப்புறம் நாங்க தலைகீழா நின்னு பாத்தும் நிக்கவே மாட்டேங்குது. சாப்பாட்டு நேரத்துக்குள்ள குழந்தைவேல் சாருக்கு நான் ஒரு வார்த்தை சொல்லணும், அனுப்பலாம், இல்ல அனுப்ப வேண்டாம். அனுப்பலாம்னா மத்தியானம் இது வேன்ல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகும், அங்க டாக்டர் பக்கத்துல நிக்க, முதல் ஆளா இதுல உக்காரப் போறது எங்க பிரமசக்தி மதினி, எங்க வீட்டுக்காரரோட அக்கா. ரெண்டு கிட்னியும் போயி எங்க வீட்டோட வந்து இருக்காங்க. இன்னைக்குப் பழைய மிஷின்ல இருந்த தன்னோட இடத்தை ஒரு ஆட்டோக்காரருக்கு விட்டுக்கொடுத்துட்டாங்க. "நம்ம செண்பகம் செஞ்ச மிஷினு இருக்கையில எனக்கு எதுக்குப் பழசு" அப்படின்னு ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வெச்சிருக்காங்க, நர்ஸம்மா என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க.

பூட்டுப் பிரச்சனைதான் இது, எனக்குத் தெரியும், வேற எதுவும் இப்படி நிக்காது. கம்ப்யூட்டரோட ஞாபகம், அந்த மெமரி, அழிஞ்சு செத்தா அலறிட்டுச் சாகும், திரை முழுக்கப் புலம்பல் ஓடும். அன்னைக்கு எந்தப் புலம்பலும் இல்ல, படம் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு, யாரோ யாருக்கோ காத்துக்கிட்டு நிக்கிற நிப்பு அது. கெர்னலுக்குள்ள ஒரே நேரத்துல நூறு வேலை நடக்கும், ரெண்டு பேர் ஒரே பொருளத் தொட்டுக் கெடுத்துடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூட்டு, எடுத்தவன் வேலைய முடிச்சுட்டு வெச்சுடணும், அடுத்தவன் எடுப்பான். பொண்ணு காலேஜ்ல இருந்து வந்தப்ப கேட்டா, அப்புறம் எப்படிம்மா நிக்குதுன்னு. நம்ம வீட்டு பாத்ரூமையே வெச்சுக்கோ, நான் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டேன், பக்கெட் வெளிய மதினி கையில இருக்கு, பக்கெட் வந்தாத்தான் நான் குளிச்சு முடிச்சு வெளிய வருவேன், பாத்ரூம் காலியானாத்தான் அவங்க பக்கெட்டைக் கீழ வைப்பாங்க, ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, ரெண்டு பேரும் சாயந்தரம் வரைக்கும் நிக்க வேண்டியதுதான்னேன். மதினி உள்ள இருந்து கேட்டுட்டு, "நான் ஏன் பக்கெட்டைத் தர மாட்டேங்கப் போறேன், அவ கேட்டிருக்க மாட்டா" அப்படின்னாங்க. மனுஷங்கன்னா கேட்டுக்கலாம், கெர்னலுக்கு வாய் கிடையாது. சரி, யாருக்கு யார் காத்து நின்னாங்க. மிஷின் நின்னா ஆள் செத்துட மாட்டாங்க, அது எங்க எல்லாருக்கும் மனப்பாடம், தனியா ஒரு சிப் பாத்துக்கிட்டே இருக்கு, கெர்னல் மூச்சுவிடலைன்னா கிளாம்ப் போட்டுக் குழாயை மூடிடும். ஆனா குழாய்க்குள்ள நிக்கிற ரத்தம் நிக்க நிக்க உறைஞ்சுடும், திரும்ப உடம்புக்குள்ள விட முடியாது, தூக்கிக் கொட்டணும். ஒரு டம்ளர் ரத்தம். மதினி உடம்புல ரத்தமே கொஞ்சந்தான் இருக்கு, உள்ளங்கை வெள்ளையா இருக்கும், வளையல் போட்டுவிடும்போது பாப்பேன். அந்தக் கையில ஊசி குத்தி, குழாய் மாட்டி, சிவப்பு ஏறுற நேரத்துல உருளை நின்னா. நிக்காது. ஏன் நிக்காது, போன வாரம் நின்னுச்சே. அதைத்தானே கேட்டுட்டு உக்காந்திருக்கேன், மறுபடி முதல்ல இருந்து வா.

ஃபெலிக்ஸ் எதிர் மேஜையில இருந்து தலையத் தூக்கி, "அக்கா, பூட்டு இல்லைக்கா, பூட்டா இருந்தா வாட்ச்மேன் சொல்லியிருப்பான்" அப்படின்னான், காலையில இருந்து இதோட எத்தனாவது தடவைன்னு தெரியல. நல்ல பையன், கெட்டிக்காரன், ஆனா ஒரு விஷயத்தைப் பிடிச்சான்னா விட மாட்டான், நானும் விட மாட்டேன், அதனாலதான் எங்க ரெண்டு பேரையும் ஒரே அறையில போட்டிருக்காங்க. வாட்ச்மேன்னு நாங்க சொல்றது கெர்னலுக்குள்ளேயே இருக்கிற ஒரு பரிசோதனை. யார் எந்தப் பூட்டை எடுத்துட்டு அடுத்து எந்தப் பூட்டுக்குப் போறாங்கன்னு அது பாத்துக்கிட்டே வரும், ஒருத்தன் இதை எடுத்துட்டு அதுக்குப் போறான், இன்னொருத்தன் அதை எடுத்துட்டு இதுக்கு வர்றான்னு தெரிஞ்சாப் போதும், ரெண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்க வேண்டியதே இல்ல, என்னைக்காவது முட்டிக்குவாங்கன்னு முன்கூட்டியே கத்திடும். அவ்வளவு கெட்டிக்கார வாட்ச்மேன். அவன் ஒண்ணும் சொல்லல. வருஷக்கணக்கா எங்க டிரைவர் மேல, அதாவது பம்பை ஓட்ட கெர்னலுக்குள்ள நாங்க எழுதின பகுதி மேல, அவன் ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஒவ்வொரு தடவை மிஷினை வெளிய அனுப்புறப்பவும் கடைசியா அதைத்தான் கேப்போம், வாட்ச்மேன் என்ன சொன்னான், ஒண்ணும் சொல்லல, சரி அனுப்பு. "ஒருத்தன் பேசாம இருந்தா எல்லாம் சரின்னு அர்த்தமாடா" அப்படின்னேன். "வாட்ச்மேன் பேசாம இருந்தா அதுதாங்க்கா அர்த்தம்" அப்படின்னுட்டு மறுபடி திரையில முகத்தைப் புதைச்சுக்கிட்டான். பதில் இல்லாம இருக்கிறது எனக்குப் பிடிக்காது, சின்ன வயசுல இருந்தே பிடிக்காது, கோவில்பட்டியில கணக்கு வாத்தியார் கரும்பலகைய அழிச்ச பிறகும் எழுந்து நின்னு கேப்பேன், உக்காருன்னா உக்கார மாட்டேன்.

அன்னைக்கு மட்டும் என்ன வேற. அதைக் கண்டுபிடிச்சாப் போதும், மீதி தானா வரும். அன்னைக்கு டாக்டர்கள் பாக்க வந்தாங்க, ஆறேழு பேர், தரையெல்லாம் கழுவி விட்டிருந்தாங்க, பினாயில் வாசனை. ஏசிய முழுசாத் திறந்து விட்டாங்க, அப்ப குளிரா, குளிருக்கெல்லாம் பூட்டு மாட்டாது. கரண்ட் ஏறி இறங்குச்சா, இல்ல. அத்தனை பேர் கையில ஃபோன், அதனாலன்னு குழந்தைவேல் சார் சொன்னார், சும்மா சொன்னார். குட்டையா ஒரு டாக்டரம்மா முன்னாடி வந்து, குழாயக் கையால மடிச்சுப் பிடிச்சாங்க, அடைப்பு வந்தா மிஷின் என்ன பண்ணும்னு காட்டுங்கன்னாங்க, மிஷின் அலாரம் அடிச்சுச்சு, அவங்க உடனே திரையில கிராஃப் பட்டனைத் தட்டினாங்க, அவ்வளவுதான், படம் நின்னுச்சு, உருளை நின்னுச்சு, சிவப்புத் தண்ணி குழாய்க்குள்ள பாதியில நின்னுச்சு. அந்தம்மா மெதுவாக் கைய எடுத்துக்கிட்டாங்க, நான் ஏதோ பண்ணிட்டேன் போலன்னாங்க. எனக்கு அந்த எடத்துல மதினி கை இருக்கிறதாத்தான் தெரிஞ்சுது. நாங்களும் அதையேதான் அப்புறம் பண்ணிப் பாத்தோம், குழாய மடிச்சோம், கிராஃபைத் தட்டினோம், மடிச்சு மடிச்சு ஃபெலிக்ஸுக்கு விரல் வீங்குச்சு, நிக்கல. அதே குழாய், அதே பட்டன். அதே தண்ணி. அப்ப எதுதான் வேற. இங்க வந்துதான் ஒவ்வொரு தடவையும் முட்டிக்கிட்டு நிக்கிறேன், இதுக்கு மேல பாதை இல்ல, திரும்பி வர வேண்டியதா இருக்கு.

எழுந்து மிஷினை அணைச்சேன். யோசனை நின்னா மிஷினை அணைச்சுப் போடுறது என் பழக்கம், ஏறி வர்றப்ப ஓடுற வரிகளைப் பாத்துட்டு இருந்தா மனசு கொஞ்சம் அடங்கும். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து ஓடுது, ப்ராசஸர் வந்தாச்சு, மெமரி வந்தாச்சு, பம்ப் வந்தாச்சு, அப்புறம் அந்தத் தொடுதிரை எச்சரிக்கை, நீளமா ஒரு பக்கத்துக்கு. அது எப்பவும் வர்றதுதான். தொடுதிரை கம்பெனிக்காரன் கொடுத்த டிரைவர்ல ரெண்டு பூட்டுக்கு ஒரே பேர் வெச்சிருக்கான், வாட்ச்மேன் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக் குழம்பி ஒரு தடவை கத்துறான், ஆபத்து ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் தெரியும். புதுசா யார் வேலைக்குச் சேந்தாலும் முதல் நாள் காபி மிஷின் எங்க இருக்குன்னு காட்டுவோம், ரெண்டாவது இதைக் காட்டி, இது எப்பவும் வர்றதுதான், கண்டுக்காதன்னு சொல்லிக் கொடுப்போம். காலையில மதினி மாடிப்படி ஏறி வந்தாங்க, பாதியில கைப்பிடியப் பிடிச்சுட்டு நின்னாங்க, என்ன மதினி மூச்சு வாங்குதான்னா, "இது எப்பவும் வர்றதுதான் ஏ செண்பகம், நீ போ, உனக்கு பஸ்ஸு போயிரும்" அப்படின்னாங்க. போன மாசமும் அதைத்தான் சொன்னாங்க, டாக்டர் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார், நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு, எப்பவும் வர்றதுன்னா எப்பவும் வந்து சொல்லணும், வீட்ல வெச்சுக்கிட்டு என்ன செய்றீங்கன்னு. எப்பவும் வர்றதுன்னு ஒரு பேர் வெச்சுட்டா அப்புறம் அதை யாரும் பாக்குறதில்ல. பாக்குறதில்ல. நான் இதை ஒரு தடவையாவது முழுசாப் படிச்சிருக்கேனா, இந்தத் தொடுதிரை எச்சரிக்கைய. படிச்சிருக்கேன், என்ன இருக்கப் போகுது, வாட்ச்மேன் கத்துறான், அப்புறம். அப்புறம் என்ன பண்ணுவான் வாட்ச்மேன், ஒரு தடவை கத்தின பிறகு.

ஐயோ. கத்தின பிறகு அவன் தூங்கப் போயிடுவான். அவன் அப்படித்தான், அவனை எழுதினவங்களே அப்படித்தான் எழுதியிருக்காங்க, ஒரு தப்பைக் கண்டுபிடிச்சுட்டா அதுக்கு மேல தன் கணக்கையே நம்ப முடியாதுன்னு தன்னைத்தானே அணைச்சுக்குவான், அடுத்து மிஷினை அணைச்சுப் போடுற வரைக்கும் வாயத் திறக்க மாட்டான். இது எனக்குத் தெரியாததில்ல, ஃபெலிக்ஸுக்குத் தெரியாததில்ல, இந்தத் தொழில்ல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். இண்டர்வியூல இதையே கேள்வியாக் கேப்பேன். தொடுதிரை எப்பவும் கத்தும்ங்கறதும் தெரியும், கத்தினா வாட்ச்மேன் படுத்துடுவான்ங்கறதும் தெரியும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒருத்தராவது பாத்தோமா. விரல் தானா ஓடுது, வாட்ச்மேன் முழிச்சிருக்கானான்னு காட்டுற இடம் ஒண்ணு உண்டு, முழிச்சிருந்தா ஒண்ணு, தூங்கினா சைபர். சைபர். பாத்துட்டே இருந்தேன். எனக்குச் சிரிப்பு வருது, கூடவே நாலு அறை விடணும் போலவும் இருக்கு, யாரை அறையறதுன்னுதான் தெரியல. "ஃபெலிக்ஸ், இங்க வாடா" அப்படின்னேன். வந்து தோளுக்குப் பின்னால நின்னு பாத்தான். அவன் முகம் எப்படி ஆச்சுன்னு நான் திரும்பிப் பாக்கல. "எத்தனை நாளாக்கா" அப்படின்னான். "இந்தத் தொடுதிரை வாங்கின நாள்ல இருந்து" அப்படின்னேன். பக்கத்து நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டான்.

இனி வேலை என் வேலை, இதுக்கு எனக்கு யார் தயவும் வேண்டாம். ரெண்டு பூட்டுக்கும் தனித்தனிப் பேர், ரெண்டு வரி, அவ்வளவுதான், இத்தனை வருஷமா யாருக்கும் கை வரல. திருத்தினதைச் சேத்து கெர்னலைக் கம்ப்யூட்டர் மறுபடி கட்டி முடிக்கறதுக்குள்ள ஃபெலிக்ஸ் டீ வாங்கிட்டு வந்தான், குடிச்சேனான்னு ஞாபகம் இல்ல. ஏத்தினோம். தொடுதிரை வந்துச்சு, எச்சரிக்கை இல்ல. பம்பை ஓட்டினோம், குழாய மடிச்சான், கிராஃபைத் தட்டினேன், தட்டின விரலை இன்னும் எடுக்கல, வாட்ச்மேன் பிடிச்சுட்டான். எங்க டிரைவரத்தான். நான் சொல்லல? பூட்டுன்னு சொல்லல? காலையில இருந்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனா இல்லையா. ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் தன் ஞாபகத்துல எது எங்க இருக்குன்னு ஒரு வரைபடம் உண்டு, அதுக்கு ஒரு பூட்டு. கிராஃப் திறக்கிறவன் அந்த வரைபடப் பூட்டை எடுத்துட்டு வந்து பம்ப் பூட்டைக் கேக்குறான். பம்ப்ல இருந்து வர்றவன் பம்ப் பூட்டைக் கையில வெச்சுட்டே ப்ரோகிராமோட ஞாபகத்துல ஒரு பக்கத்துல, நோட்டுப் பக்கம் மாதிரி, பம்ப் ஓடின கணக்கை எழுதுறான், எழுத வேண்டிய பக்கம் தயாரா இல்லைன்னா வரைபடப் பூட்டுக்குப் போவான். பாத்ரூமும் பக்கெட்டும். "பக்கம் எப்படிக்கா தயாரா இல்லாம போகும், எல்லாப் பக்கத்தையும்தான் ஆணியடிச்சு வெச்சிருக்கோமே" அப்படின்னான் ஃபெலிக்ஸ். அதுதான் எங்க எல்லாரோட நம்பிக்கையும், பம்ப் ப்ரோகிராமோட ஞாபகம் ஒரு துளி நகரக் கூடாதுன்னு முழுசாப் பூட்டி வெச்சிருக்கோம், நகராத பக்கத்துக்கு வரைபடம் எதுக்கு. எதுக்கு. அலாரம். அன்னைக்கு அலாரம் அடிச்சுச்சு. இங்க அடிக்காது, அந்தச் சத்தம் மண்டையப் பிளக்குதுன்னு செட்டிங்ல வாயை மூடி வெச்சிருக்கோம், வெளக்கு மட்டும் எரியும், டாக்டர்கள் வந்தப்ப மட்டும் திறந்து விட்டோம். சத்தம் போடணும்னா ப்ரோகிராம் தன்னை ரெண்டாப் பிரிச்சு ஒரு குட்டி போடும், அந்தக் குட்டிதான் போய் ஒலி எழுப்பும். குட்டி போட்ட அந்த நிமிஷம் தாயோட பக்கமெல்லாம் ரெண்டு பேருக்கும் பொதுவாயிடும், ஆணி அப்படியேதான் இருக்கும், ஆனா எழுதக் கூடாதுன்னு கெர்னல் தடை போட்டுடும், எழுதப் போனா முதல்ல தனிப் பிரதி எடுக்கணும், அதுக்கு வரைபடப் பூட்டு வேணும். சத்தத்தைத் திறந்தோம். மடிச்சான், அலறுச்சு, தட்டினேன், நிக்கல, மறுபடி, நிக்கல, மறுபடி. உருளை நின்னுச்சு. ஃபெலிக்ஸ் என் கையப் பிடிச்சுக் குலுக்கினான், தண்ணி பாதிக் குழாயில நிக்குது, எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறந்தான் உறைச்சுது, ஆஸ்பத்திரியில அலாரம் அடிச்சா எந்த நர்ஸும் முதல்ல தட்டுறது கிராஃபைத்தான். எங்க தலை வலிக்குதுன்னு நாங்க வாயை மூடி வெச்சதுக்கு மதினி ரத்தத்தைக் கொட்டியிருப்பாங்க.

திருத்தறது பெரிய விஷயமில்ல, கணக்கை முதல்ல கெர்னலோட சொந்த இடத்துல எடுத்து வை, பம்ப் பூட்டை விடு, அப்புறம் ஆற அமர ப்ரோகிராமுக்கு எழுது. கட்டி, ஏத்தி, மடிச்சு, அலறவிட்டு, தட்டு தட்டுன்னு தட்டினோம், தண்ணி நிக்காம ஓடுது, வாட்ச்மேன் முழிச்சிருக்கான், ஒண்ணுன்னு காட்டுது, வாயத் திறக்கல. எனக்கு என்னை நெனச்சாலே பெருமையா இருந்துச்சு, மறைக்கறதுக்கு என்ன இருக்கு. மதினிக்கு ஃபோன் போட்டுக் கிளம்புங்கன்னு சொல்லிடலாம்னு கைய நீட்டுறேன், குழந்தைவேல் சார் உள்ள வர்றார். "என்னங்க செண்பகம், வண்டி வந்து நிக்குதுங்க, அனுப்பிச்சரலாமுங்களா?" அப்படிங்கறார். வெள்ளைச் சட்டை, நெத்தியில விபூதி, இன்னைக்குன்னு கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கார். பிடிச்சுட்டேன் சார்னேன். முகம் மலர்ந்து போச்சு அந்த மனுஷனுக்கு. கடைசி வேலை ஒண்ணு உண்டு, எந்த மிஷின் வெளிய போறதா இருந்தாலும் கரண்ட் போனா பேட்டரிக்கு மாறுதான்னு பாத்துட்டுத்தான் அனுப்புவோம், ஃபெலிக்ஸ் சிரிச்சுட்டே பிளக்கைப் பிடுங்கினான். மாறுச்சு. உருளை சுத்துறது துளி குறையல. ஆனா பக்கத்துத் திரையில வாட்ச்மேன் கத்திட்டு இருந்தான். புதுசு, வேற எடம், பேட்டரியப் பாக்குற டிரைவரும் பம்பும். நான் முழுசாப் படிச்சேன். பேர்க் குழப்பம் இல்ல, நிஜமாவே ஒருத்தன் இதை எடுத்துட்டு அதுக்குப் போறான், இன்னொருத்தன் அதை எடுத்துட்டு இதுக்கு வர்றான். கோயம்புத்தூர்ல கரண்ட் போகாத நாள் உண்டா. இது ரெண்டாவது. இதைத் திருத்தினா மூணாவது இருக்கா, யாருக்குத் தெரியும், இத்தனை வருஷமா யாரும் பாக்காம எழுதிக் குவிச்ச ப்ரோகிராம் கோட் இது, என்னோடதும் இருக்கு. வாட்ச்மேன் இப்பத்தான் வேலைக்கே வந்திருக்கான். "ஓடுதுங்களே" அப்படின்னார் குழந்தைவேல் சார், உருளையப் பாத்துட்டு. "ஓடும் சார். அனுப்ப வேண்டாம்" அப்படின்னேன்.

கோபப்படுவார்னு நெனச்சேன், படல, நாற்காலியில உக்காந்து மெதுவாப் பேசினார், அது அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு. இந்த ஷெட்டை அடகு வெச்சுத்தான் இதுல இறங்கினார்னு எனக்குத் தெரியும். "இப்பச் சொன்னீங்களே, பிடிச்சாச்சுன்னு." பிடிச்சது ஒண்ணு சார், இது வேற. "எத்தனை இருக்குங்க?" தெரியாது சார், முந்தியும் தெரியாது, தெரியும்னு நெனச்சுட்டு இருந்தோம். "எத்தனை நாள் ஆகுமுங்க?" வாட்ச்மேன் வாய மூடுற வரைக்கும், தானா மூடணும், நம்ம மூடக் கூடாது. அப்புறம் குரலைத் தணிச்சு, "உங்க சொந்தக்காரங்க உக்கார்றாங்கன்னு பயப்படறீங்களாட்ட இருக்குதுங்க, தப்பில்லீங்க, யாருக்கும் இருக்கும். வேணும்னா ஒண்ணு பண்ணிக்கலாம், அவங்க வேண்டாம், முதல்ல வேற பேஷண்ட்டை உக்கார வெச்சுக்கலாமுங்க" அப்படின்னார். எனக்குக் கோபம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. "வேற பேஷண்ட்டுன்னா அவங்க யாரோட மதினி சார்" அப்படின்னேன். ஃபெலிக்ஸ் பிளக்கைக் கையில வெச்சுட்டே நிக்கிறான். குழந்தைவேல் சார் எழுந்து, என்னைப் பாக்காம, "வண்டியத் திருப்பி அனுப்பிச்சர்றேன்" அப்படின்னுட்டுப் போனார். வாசல்ல யார்கிட்டயோ வேற விஷயம் பேசிட்டே போற சத்தம் கேட்டுச்சு. நல்ல மனுஷன்.

ஆஸ்பத்திரிக்கு முதல்ல ஃபோன் போட்டேன். பழைய மிஷின்ல ஆட்டோக்காரர் ஏறிட்டாரு, ஊசி குத்தியாச்சு, நாளைக்கு யாராச்சும் வரலைன்னா கூப்பிடுறோம், இல்லைன்னா நாளன்னைக்குத்தான், மூச்சு வாங்கினா மட்டும் உடனே கூட்டிட்டு வந்துருங்கன்னாங்க. அப்புறம் மதினி. முதல் மணியிலேயே எடுத்தாங்க, பைய மடியில வெச்சுட்டு வாசல்லயே உக்காந்திருந்திருக்காங்க. "கிளம்பட்டா செண்பகம்." இன்னைக்கு வேண்டாம் மதினின்னேன். மிஷின் வரல, நான்தான் வேண்டாம்னு சொன்னேன்னேன். ஏன் எதுக்குன்னு கேப்பாங்கன்னு பாத்ரூமையும் பக்கெட்டையும் மறுபடி மனசுல எடுத்து வெச்சிருந்தேன், கேக்கல. "நீ வேண்டாம்னா வேண்டாம்ட்டி" அப்படின்னாங்க. பையக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு. "இன்னைக்குத்தான் மிஷினு உண்டுல்லான்னு காலையில ஒரு முழு டம்ளர் காப்பி குடிச்சுப் போட்டேன், அதான் யோசிக்கேன்." கிட்னி போன உடம்புல குடிக்கிறதெல்லாம் அப்படியே தேங்கும், அடுத்த மிஷின் வரைக்கும் ஒவ்வொரு வாய் தண்ணியும் அவங்களுக்கு அளவுதான். மூச்சு எப்படி இருக்குன்னு கேட்டேன், எப்பவும் வர்றதுன்னு மட்டும் சொல்லாதீங்க மதினின்னேன். "உக்காந்தா நல்லாத்தான் இருக்கு, படுத்தா வாங்குது, பொய் சொல்லல, வாங்கினா உன் தம்பியக் கூப்பிடுதேன், வாய் தவறிட்டு, உன் வீட்டுக்காரனைத்தான் சொல்லுதேன், என் தம்பிய." சிரிச்சாங்க. "அது சரியாயிரும்லா, உன் மிஷினு?" ஆயிரும் மதினி. "உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" தெரியும். இதை நான் சும்மா சொல்லல, எனக்குத் தெரியும். "அப்ப என் பேரை எடுத்துராத, என்னைக்கானாலும் நான்தான் முதல்ல." சரி மதினி. "நீ வேலையப் பாரு. அப்புறம் ஏ செண்பகம், உன் பிள்ளைகிட்டயும் என் தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரு. நாளன்னைக்கு வரைக்கும் தண்ணி குடிச்சா உள்ள போய் நின்னு குடிக்கச் சொல்லு, என் கண்ணு முன்னால வேண்டாம். மத்தபடி ஒண்ணுமில்ல." சொல்லிடுறேன் மதினின்னேன். ஃபோனை வெச்சுட்டு, ரெண்டாவது எச்சரிக்கைய முதல் வரியில இருந்து படிக்க ஆரம்பிச்சேன்.